அணையா விளக்கு

தமிழ் படிப்போருக்கு அணையா விளக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களைப் புரட்டினால், கோயிலில் நந்தா விளக்கொன்று எரிப்பதற்காக 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி அடிக்கடி எதிர்ப்படும். அவ்வாடுகளுக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை. இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பிக்கொண்டே வரும் என்பது அக்காலத்தார் கணக்கு. ஒரு விளக்கு அணையாதிருப்பதற்கு இத்துணை ஏற்பாடு செய்த மரபிலே பிறந்த ஒருவர், ஒரு விளக்கை அணைப்பதற்காக ஏறத்தாழ இரண்டாண்டு காலம் அலைய நேர்ந்தது. அவர் கிளிநொச்சியிலே கணிதம் கற்பித்து 2021ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர். விளக்கோ அவருடைய மோட்டார்க் காரின் முகப்புப் பலகையில், வேகமானிக்கு அருகே, சுண்டுவிரல் நகத்தினும் சிறிதாய்ச் செந்நிறத்தில் எரிந்தது. இருக்கையில் அமர்ந்த ஒரு மனித உருவம். அதன் நெஞ்சுக்கு முன்னே ஒரு வட்டம். காற்றுப்பையைப் பற்றிய எச்சரிக்கைச் சின்னம் அது.

கார் வாங்கிய கதையை முதலிற் சொல்லிவிடல் வேண்டும். ஆசிரியரின் மனைவி நீரிழிவினாற் கண்பார்வை மங்கியவர். மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று வர வேண்டியிருந்தது. பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என ஏறத்தாழ 65 கிலோமீற்றர் வழி. நெரிசல் மிகுந்த பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்று போன நாட்களை எண்ணி, ஓய்வுபெற்ற கையோடு கிடைத்த பணிக்கொடைப் பணத்தில் ஆசிரியர் கார் வாங்கத் துணிந்தார். காலமோ தகாத காலம். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், நாட்டிலுள்ள பழைய கார்கள் ஆண்டு ஏற ஏற விலையும் ஏறும் விந்தைப் பொருட்களாயின. 2008இல் யப்பானிற் செய்யப்பட்டு, 2010இல் 'றீகண்டிசன்' என்ற பெயரோடு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, மூவர் கைமாறிய சிறு கார் ஒன்றை, அது முதன்முதல் விற்கப்பட்ட விலையின் இருமடங்கு கொடுத்து அவர் வாங்கினார். வாங்கிய அன்று அந்தச் செவ்விளக்கு முறைப்படியே நடந்துகொண்டது. ஆளியைத் திருப்பியதும் ஏறத்தாழ ஆறு செக்கன் எரிந்தது, பின்னர் அணைந்தது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. கார் பல கிழமைகள் முற்றத்திலே பாயொன்றினால் மூடப்பட்டுக் கிடந்தது. கியூ.ஆர். அட்டைக்குப் பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பின்னர் ஒரு நாட் காலை ஆசிரியர் ஆளியைத் திருப்பினார். ஏனைய விளக்குகள் அணைந்தன. அது மட்டும் அணையவில்லை. மின்கலவடுக்கு வலுக்குன்றியதே காரணமெனப் பலரும் கூறினர். அதிலும் ஓரளவு உண்மையுண்டு. மின்னழுத்தம் குறைந்தாலும் இவ்விளக்கு எரிவதுண்டு. புதிய மின்கலவடுக்கு வந்தது. விளக்கு எரிந்தது. இருக்கைக்குக் கீழே செல்லும் மஞ்சள் நிற இணைப்புக்கள், கூட்டித் துடைக்கும்போதும் தேங்காயையோ குடையையோ உள்ளே தள்ளும்போதும் இளகிவிடுமென ஒருவர் சொல்ல, ஆசிரியர் முழந்தாளிட்டு அவற்றையும் அழுத்திப் பார்த்தார். விளக்கு எரிந்தது. காரோடு வந்த கைந்நூலைப் பார்க்கலாமென்றால், அது முற்றும் யப்பானிய மொழியில் இருந்தது. படங்களை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ள முயன்ற ஆசிரியர், எழுத்தறியாப் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதைத் தமது அறுபத்தோராம் வயதில் உணர்ந்ததாகப் பின்னர் கூறினார்.

காற்றுப்பை என்பது வேறொரு பெற்றோரின் அச்சத்திலிருந்து பிறந்த பொருள் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. ஐக்கிய அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்தில், 1952ஆம் ஆண்டில் ஜோன் ஹெட்ரிக் என்ற பொறியியலாளர் தம் மனைவியுடனும் சிறு மகளுடனும் ஞாயிறு உலாச் சென்றார். பாதையிற் கிடந்த தடையொன்றை விலக்கப்போய்க் கார் பள்ளத்தில் இறங்கியது. அக்கணத்தில் கணவனும் மனைவியும் தம்மையறியாமலே நடுவிலிருந்த மகளுக்கு முன்னே கைகளை நீட்டி அணை கட்டினர். குழந்தைக்கு ஊறு நேரவில்லை. அந்தக் கைகளின் வேலையைச் செய்யவல்ல ஒரு பொருளை ஆக்க முடியாதா என்று அவர் அன்றிரவே எண்ணலானார். கடற்படையிலே அவர் பணிபுரிந்த காலத்தில், அழுத்தப்பட்ட காற்று உறையொன்றை நொடிப்பொழுதில் விரித்தெறிந்ததைக் கண்டிருந்தார். 1953இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதனாற் பொருள் கிடைக்கவில்லை. கார் உற்பத்தியாளர்கள் 1970களிலே காற்றுப்பையைப் பொருத்தத் தொடங்கியபோது, அவருடைய பதினேழாண்டு உரிமை முடிந்துபோயிருந்தது. 1987 முதல் 2017 வரை ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் 50,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் காற்றுப்பைகள் காத்தன என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையினரின் மதிப்பீடு.

அதன் விரைவே அதன் சிறப்பு. மோதல் நேர்ந்ததும் உணரிகள் அதனை அறிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானித்து, சிறு மின்னோட்டமொன்று தீமூட்டியைச் சுடவைத்து, இரசாயனம் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும். பை விரிவதற்குச் செல்லும் நேரம் 30 முதல் 50 மில்லிசெக்கன். தொல்காப்பியர் ஒரு மாத்திரைக்குக் கண்ணிமைத்தலை அளவாகக் கொண்டார்; மெய்யெழுத்துக்கு அதிற் பாதி. ஒற்றெழுத்தொன்றை ஒலிக்கும் பொழுதுக்குள் பை விரிந்து நிற்கிறது எனின், தமிழ் மாணாக்கருக்கு அவ்விரைவு விளங்கும். இவ்வளவு விரைவாக வருவது மெத்தென்று வருதல் இயலாது. இருக்கைப்பட்டி அணியாது முன்சாய்ந்திருப்பவரையும், முன்னிருக்கையில் மடியிலிருக்கும் குழந்தையையும் அது கொல்லவுங் கூடும். எனவேதான் அதன் ஆங்கிலப் பெயரிலே துணைக் காப்பு என்னும் பொருள்பட ஒரு சொல் இருக்கிறது. முதற் காப்பு, இலங்கையில் 2011 முதல் முன்னிருக்கையினருக்குச் சட்டமாக்கப்பட்ட அந்தப் பட்டியே.

நிற்க. ஆசிரியர் முதலிற் சென்ற கராஜிலே அவருக்குக் கிடைத்த அறிவுரை மிகச் சுருக்கமானது. "மாஸ்டர், இதுக்கேன் யோசிக்கிறியள்? பல்ப்பைக் கழட்டிவிட்டால் அலுவல் முடிஞ்சுது. ஆயிரத்தைஞ்ஞூறு தாங்கோ." அவன் ஏமாற்றுக்காரனல்லன், ஊரில் நல்ல பெயரெடுத்தவன். அவனிடம் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்டதும் அதுவே. விளக்கைக் கழற்றுவதிலும் தரவேறுபாடு உண்டென்று அவனே விளக்கினான். வெறுமனே கழற்றினால், ஆளியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரியாதிருப்பதை விவரமறிந்தவன் கண்டுகொள்வான். அதற்கு எண்ணெய் விளக்கின் வயரோடு இதனையும் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்; எவருக்கும் ஐயம் வராது. அதற்கு மூவாயிரம். முப்பத்தைந்து ஆண்டு விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு, பிழையான விடையின் மேல் மையைக் கொட்டிவிட்டு முழுப்புள்ளி கேட்கும் மாணவர்கள் நினைவுக்கு வந்தனர். அவர் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனாலும் பயணம் நிற்கவில்லை. மாதந்தோறும் அந்த விளக்கு எரிய எரியவே கார் ஆனையிறவைக் கடந்தது. நேராகக் கிடக்கும் அத்தெருவில் வேகம் தானாகவே ஏறும். மாலையாகிவிட்டால் பளைக்கு இப்பால் கட்டாக்காலி மாடுகள் சூடேறிய தாரின்மேற் படுத்திருக்கும். அவற்றைக் காணும்போதெல்லாம் ஆசிரியரின் கண் ஒருமுறை விளக்குக்கும், ஒருமுறை இடப்பக்கத்து முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் சென்று மீளும். மனைவிக்கு அந்த விளக்குத் தெரிவதில்லை. அவர் பார்வைக்கு அது எட்டாது. அதைப்பற்றி ஆசிரியர் அவரிடம் சொல்லவுமில்லை.

2024 மார்ச்சிலே, பழைய மாணவன் ஒருவன் யாழ்ப்பாணத்தில் மோட்டார் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரின் பட்டறையைக் காட்டினான். தகரக் கொட்டிலொன்று, ஒரே நேரத்தில் ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய இடம். இளைஞர் ஸ்கானர்க் கருவியை இணைத்துப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு கேள்வி கேட்டார்: "சேர், ஹோண் அடிக்குதோ?" ஆசிரியர் திடுக்கிட்டார். ஹோண் சில மாதங்களாக நினைத்தபோது ஒலித்தும் நினையாதபோது ஒலிக்காதும் இருந்தமையால், புதிய ஹோண் ஒன்று வாங்கிப் பூட்டியும் அது திருந்தவில்லை. இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றென இளைஞர் சொன்னார். சுக்கான் சில்லுக்குப் பின்னே பிளாஸ்திக்குக் கூட்டுக்குள் தட்டையான நாடா போன்ற கம்பியொன்று சுருண்டு கிடக்கிறது. சில்லைத் திருப்பும்போதெல்லாம் அது சுருங்கியும் விரிந்தும் கொடுக்கிறது. சுழலும் சில்லில் இருக்கும் ஹோணுக்கும் காற்றுப்பைக்கும் மின் செல்லும் வழி அது ஒன்றே. அந்த நாடா உள்ளே முறிந்திருந்தது. ஸ்கானரும் சாரதிப் பக்கத்துச் சுற்று அறுந்திருப்பதாகவே கூறியது.

வேலையை அவர் செய்த முறையை ஆசிரியர் ஆர்வத்தோடு பார்த்தார். மின்கலவடுக்கைக் கழற்றிவிட்டு இளைஞர் உடனே கைவைக்கவில்லை; தேநீர் வரவழைத்தார். மோதலின்போது மின்கலவடுக்கு நசுங்கினாலும் பை விரிய வேண்டுமென்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொள்ளளவியொன்று மின்னைச் சேமித்து வைத்திருக்கும். அது வடியச் சில நிமிடம் பொறுத்தாக வேண்டும். கழற்றிய பையை முகம் மேலாக வைத்தார். குப்புற வைத்தால், தவறி வெடிக்கும்போது அது மேலே பாயும். சாதாரண மின்மானியைப் பையின் முனைகளிலே தொடவைக்கவேயில்லை. அந்தச் சிறு மின்னோட்டமே தீமூட்டிக்குப் போதுமானதாகிவிடலாம். பழைய காரொன்றிலிருந்து எடுத்த நாடாவுக்கு 18,000 ரூபாவும் கூலியும் ஆயிற்று. ஆளியைத் திருப்பியபோது விளக்கு ஆறு செக்கன் எரிந்து அணைந்தது. ஹோணும் ஒலித்தது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமிராது. கருவிகளை எடுத்து வைக்கும்போது இளைஞரின் கை இடப்பக்கத்து முகப்புப் பலகையின் மேல் தற்செயலாக ஊர்ந்தது, ஓரிடத்தில் நின்றது. "சேர், இந்த மூடி முதலே ஒருக்கால் கழண்டது." பொருத்துவாயின் ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. ஆசிரியரின் சம்மதத்தோடு அதனைத் திறந்தபோது உள்ளே காற்றுப்பை இருக்கவில்லை. பை இருக்க வேண்டிய இரும்புக் கூட்டில் பழந்துணி அடைக்கப்பட்டிருந்தது. அங்கு வந்து முடிந்த மஞ்சள் வயரின் இரு முனைகளுக்கிடையே, கறுப்பு நாடா சுற்றிய தடையியொன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் அளவு இரண்டு ஓம்; கடையில் அதன் விலை சில்லறைக் காசு.

இந்தத் தந்திரத்தின் எளிமை வியக்கத்தக்கது. கட்டுப்பாட்டுப் பெட்டி பையைக் காண்பதில்லை. மிகச் சிறிய மின்னோட்டமொன்றை ஓடவிட்டு, அப்பக்கத்தில் எவ்வளவு தடை இருக்கிறதென்று மட்டுமே அளந்துகொண்டிருக்கிறது. தீமூட்டியின் தடை ஏறத்தாழ இரண்டு ஓம் ஆகையால், இரண்டு ஓம் இருந்தால் பையும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எப்போதோ எங்கோ நேர்ந்த மோதலொன்றில் அந்தப் பை விரிந்திருக்கலாம். அல்லது யாரோ அதனைக் கழற்றி விற்றிருக்கலாம். விளக்கு இரண்டாண்டாகக் கூவிக் கூவிச் சொன்னது ஆசிரியர் அமரும் பக்கத்தைப் பற்றி. மனைவி அமரும் பக்கத்தைப் பற்றி அது ஒருநாளும் வாய்திறக்கவில்லை. அன்று வீடு திரும்பியதும் ஆசிரியர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப இவ்வளவு நாளும் எனக்கு முன்னாலை ஒண்டுமில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

புதிய பைக்கு விலை விசாரித்தபோது மூன்றரை இலட்சத்துக்கு மேல் என்றனர். அதுவும் தருவிக்க மாதக்கணக்காகும். கொழும்பிலே பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களோடு பழைய பைகளும் கிடைக்குமெனச் சிலர் வழிகாட்டினர். இளைஞர் அதற்கு இணங்கவில்லை. அவர் கூறிய காரணம் உலகறிந்தது. டக்காட்டா என்ற யப்பானிய நிறுவனம் தன் பைகளை விரிக்க அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்காது செய்த கூடுகளில், ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரக்கசிவும் அவ்வுப்பின் கட்டமைப்பைச் சிதைத்தன. சிதைந்த உப்பு அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து உலோகக் கூட்டையே பிளந்தது. தகட்டுத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியாவிலும் சாவுகள் நேர்ந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிப் பைகள் மீள அழைக்கப்பட்டன. 2017 ஜூனிலே நிறுவனம் வங்குரோத்தாயிற்று. மீள அழைக்கும் கடிதமோ காரின் பதிவிலுள்ள சொந்தக்காரருக்கே செல்லும். யப்பானில் விற்கப்பட்டு, கடல் கடந்து, மூவர் கைமாறி, கிளிநொச்சி முற்றமொன்றில் நிற்கும் காருக்கு அக்கடிதம் எந்த விலாசத்திற்கு வரும்? உப்பு சிதைந்த பையின் தீமூட்டியும் இரண்டு ஓம் தானே காட்டும்! அங்கும் விளக்கு ஆறு செக்கனில் அணைந்துவிடும்.

உற்பத்தியாளரின் யப்பானிய இணையத்தளத்தில் அடிச்சட்ட இலக்கத்தை இட்டால் விவரம் தெரியுமென்பதை அறிந்து, அந்தப் பழைய மாணவன் தேடிப் பார்த்தான். ஆசிரியரின் கார் மீள அழைக்கப்பட்ட கார்களுள் ஒன்று. குறையுடையதெனக் குறிக்கப்பட்டிருந்தது, இடப்பக்கத்துப் பை. மாற்றப்படவில்லை என்றும் இருந்தது. அதாவது, களவாகக் கழற்றப்பட்டு ஆசிரியரை இரவுகளில் உறங்கவிடாது செய்த அந்தப் பை, இருந்திருந்தாலும் அஞ்சத்தக்கதாகவே இருந்திருக்கும். இதனை நல்லூழ் என்பதா, என்னவென்பது? கழற்றியவனுக்கு நன்றி கூற எவருக்கும் மனம் வராது. அவன் அதனை வேறொரு காருக்கு விற்றிருந்தால், அந்தக் காரிலே அப்பைக்கு முன்னால் இன்று அமர்ந்திருப்பவர் யார் என்பதையும் எண்ண வேண்டும்.

இனிச் செய்வதென்ன என்பதில் ஆசிரியருக்கும் இளைஞருக்கும் நீண்ட உரையாடல் நடந்தது. பொய் சொல்லும் தடையியை எடுத்துவிடும்படி ஆசிரியர் முதலிற் கேட்டார். "எல்லாரும் விளக்கை நூர்க்கத்தான் வாறவை. நீங்கள் கொளுத்தச் சொல்லுறியள்" என்று இளைஞர் சிரித்தார். ஆயினும் அதிலொரு சிக்கல் இருந்தது. தடையியை எடுத்தால் விளக்கு உண்மையைச் சொல்லும். ஆனால் ஒரு பக்கத்துப் பழுதைக் கண்டதும் சில கார்கள் தொகுதி முழுவதையுமே செயலிழக்கச் செய்துவிடும். அவ்வாறாயின், 18,000 ரூபா கொடுத்துத் திருத்திய சாரதிப் பக்கத்துப் பையும் விரியாது. பொய்யை அகற்றினால் உள்ள காப்பும் போகலாம். காப்பை வைத்திருக்க வேண்டுமாயின் பொய்யை விட்டுவைக்க வேண்டும். தக்க வழி புதிய பை பூட்டுவதொன்றே என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அவ்வழிக்குப் பணமில்லை.

ஈற்றில் தடையி இருந்த இடத்திலேயே விடப்பட்டது. மனைவி பின்னிருக்கைக்கு மாறினார். அங்கிருந்த பட்டி இருக்கை மெத்தையின் இடுக்கில் ஆண்டுக்கணக்காய்ப் புதைந்து கிடந்தது; அதனை இழுத்தெடுத்துத் துடைத்தனர். ஆசிரியர் வெள்ளைத் தாளொன்றில், வகுப்பறைக் கரும்பலகைக்கேற்ற தமது உருண்டைக் கையெழுத்தில், "இப்பக்கத்திற் காற்றுப்பை இல்லை. விளக்கை நம்ப வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கண்ணாடி நாடாவினால் இடப்பக்கத்து மூடியின்மேல் ஒட்டினார். சிங்கள வாசகத்தை அயலிலிருந்த கடைக்காரரொருவர் சரிபார்த்துக் கொடுத்தார்.

அத்தாள் ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தது. 2025ஆம் ஆண்டில் ஆசிரியரின் கண்ணிலும் புரை படர்ந்து, எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சம் கூசத் தொடங்கவே, காரை விற்க முடிவாயிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியிருந்தமையால் வாங்குவோர் பேரம் பேசத் துணிவு பெற்றிருந்தனர். முதலில் வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துவிட்டு விற்றால் இரண்டு இலட்சம் கூடக் கேட்கலாமே என்று ஆசிரியருக்கு நல்லெண்ணத்தோடு புத்தி சொன்னார். தாமும் பின்னர் விற்க வேண்டியவர் என்பதை மறைக்கவில்லை. இரண்டாமவர் அண்மையில் மணமான இளைஞர். தாளை இருமுறை வாசித்தார். தடையியைப் பார்க்க வேண்டுமென்றார். மூடியைத் திறந்து காட்டினர். விலையில் 1,75,000 ரூபா குறைத்துக் கேட்டார்; ஆசிரியர் உடன்பட்டார். விற்பனைக் கடிதத்தில் வாகன இலக்கம், இயந்திர இலக்கம் ஆகியவற்றின் கீழே அந்த இரண்டு வாக்கியங்களையும் ஆசிரியர் மீண்டும் எழுதி, இளைஞரைக் கொண்டு அவற்றுக்கு நேரே ஒப்பமிடுவித்தார்.

கார் போய்விட்டது. வைத்தியசாலைக்கு இப்போது வாடகைக் காரில் செல்கின்றனர். முன்னாலே வசதியாக இருக்கலாமென்று சாரதிமார் கதவைத் திறந்து பிடிப்பதுண்டு. ஆசிரியரின் மனைவி அதனைக் காணாதவர் போலப் பின்கதவைத் தடவித் திறந்து ஏறுகிறார். ஏறியதும் மெத்தையின் இடுக்கில் கையை விட்டுப் பட்டியைத் தேடுகிறார். அது அகப்படும்வரை வண்டியை எடுக்க விடுவதில்லை.